அப்பாவுக்கு எந்தப் புதிர் கேம் நல்லது?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் முப்பது வருஷம் டீ மேக்கராக, அதாவது இலை தூளாகும்வரை பக்குவம் பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறிவிட்டார். நீங்கள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில்கூட இறங்க முடியாமல் அப்பா நாள் முழுக்க மொபைலில் கலர் மிட்டாய் வரிசை சேர்க்கும் கேம் ஆடுகிறார். போன மாதம் அதில் கொஞ்சம் காசும் போயிருக்கிறது. மரம் விழுந்தால் கரண்ட் போய்விடும், கூடவே நெட்டும் போய்விடும். புதிர் கேம் எல்லாம் ஒன்றுதானா, வேறு எதை ஆடச் சொல்லலாம், மூளைக்கு நல்லது என்கிறார்களே அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசெல் என்ற, ஒருவரே ஆடும் சீட்டாட்டத்தில் ஆரம்பியுங்கள். அது கைக்கு வந்ததும், ஊகம் தேவைப்படாத மைன்ஸ்வீப்பர், ஒளிந்திருக்கும் குண்டுகளைத் தொடாமல் மற்றக் கட்டங்களை எல்லாம் திறக்கிற ஆட்டம். அப்புறம் சோகோபன் என்ற பெட்டி தள்ளும் ஆட்டம். மூன்றுக்கும் நெட் வேண்டாம், காசும் வேண்டாம். மிட்டாய் கேமை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். இவை பிடித்துப்போனால் அது தானாக விலகும்.

ஏன் இவை என்பதற்கு என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. தோற்ற பிறகு, எந்த இடத்தில் தப்புப் பண்ணினோம் என்பது ஆடியவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அதைப் புதிர் என்பேன். தாயத்தில் தோற்றால் ‘கட்டை விழவில்லை’ என்போம். ஆடுபுலி ஆட்டத்தில் தோற்றால் அப்படிச் சொல்ல வழியே இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. ‘அந்த ஆட்டை அங்கே வைத்திருக்கக் கூடாது’ என்று எதிரில் இருப்பவர் விரலால் தொட்டே காட்டுவார். தாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாலு பேர் கூடி உட்கார்ந்து சிரிக்க அதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. ஆனால் மழை நாளில் தனியாக ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர், கட்டை விழவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

இதை நான் கற்றுக்கொண்டது கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில். 1998இல் நாலு மெஷினோடு ஆரம்பித்து, மொபைல் எல்லார் கைக்கும் வரும்வரை நடத்தினேன். டைப்பிங்கும் எம்.எஸ். ஆபீஸும் சொல்லிக்கொடுக்கத்தான் சென்டர், ஆனால் பாதி நேரம் ஓடியது கேம்தான். மைன்ஸ்வீப்பரைப் பையன்கள் ‘பாம் கேம்’ என்பார்கள். சாலிட்டேர் ‘சீட்டு கேம்’.

பாம் கேமை நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிற கேம் என்று நினைத்தார்கள். எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் வருவான். பத்து க்ளிக்கில் வெடித்துவிடும், ‘மெஷின் ஏமாத்துது மாஸ்டர்’ என்பான். ஒருநாள் அவனை உட்காரவைத்து ஒரே ஓர் இடத்தை மட்டும் காட்டினேன். உங்களுக்கும் அதையே காட்டுகிறேன், அப்பாவுக்குக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள்.

திறந்த கட்டங்கள் ஒரு வரிசையில் 1, 2, 1 என்று நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே எல்லாம் திறந்தாகிவிட்டது. மேலே திறக்காத கட்டங்கள் சுவர் மாதிரி நீளமாக ஒரே வரிசை. இடது 1க்கு நேர் மேலே இருப்பதை ‘அ’ என்று வையுங்கள், நடு 2க்கு மேலே ‘ஆ’, வலது 1க்கு மேலே ‘இ’. ஓர் எண் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தில் எத்தனை குண்டு என்று சொல்கிறது. நடுவில் இருக்கும் 2, திறக்காதவற்றில் அ, ஆ, இ மூன்றை மட்டுமே தொடுகிறது. ஆகவே இந்த மூன்றில் இரண்டு குண்டு. ‘ஆ’வில் குண்டு என்று வைத்துப் பாருங்கள். இன்னொன்று ‘அ’விலோ ‘இ’யிலோ இருந்தாக வேண்டும். ‘அ’வில் என்றால் இடது 1 இரண்டு குண்டைத் தொடும், கூடாது. ‘இ’யில் என்றால் வலது 1 இரண்டைத் தொடும், அதுவும் கூடாது. ஆக ‘ஆ’வில் குண்டு இருக்கவே முடியாது. குண்டுகள் ‘அ’விலும் ‘இ’யிலும். ‘ஆ’வைத் தைரியமாகத் திறக்கலாம். அதோடு நிற்கவில்லை. இடது 1க்கு உரிய குண்டு ‘அ’ என்று தெரிந்துவிட்டதால், ‘அ’வுக்கு இடது பக்கக் கட்டமும் சுத்தம். ‘இ’க்கு வலது பக்கமும் அப்படியே. ஒரு யோசனையில் மூன்று கட்டம் திறந்தாகிவிட்டது.

அந்தப் பையன் ‘ஆ’வைத் திறக்கும்போது மௌஸைப் பிடித்திருந்த விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தினான். வெடிக்கவில்லை. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்த பிறகு, வெடிக்காததற்குக் காரணம் தெரிவதில்தான் புதிரின் சுகமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இரண்டு வாரத்தில் 40 குண்டு கொண்ட நடுத்தர ஆட்டத்தை முடித்துவிட்டான்.

ஆனால் பழைய விண்டோஸில் வந்த மைன்ஸ்வீப்பரில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1990இல் மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற கேம் தொகுப்பில் வந்து, 1992இல் விண்டோஸ் 3.1 கூடவே சேர்ந்துகொண்ட கேம் அது. முதல் க்ளிக்கில் வெடிக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளும். நீங்கள் தொட்ட கட்டத்தில் குண்டு இருந்தால் அதைச் சத்தமில்லாமல் மேல் இடது மூலைக்கு நகர்த்திவிடும். அதற்குப் பிறகு எந்த உத்தரவாதமும் இல்லை. பெரிய ஆட்டத்தில் 480 கட்டத்துக்கு 99 குண்டு, அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் சற்று மேல். இருபது நிமிஷம் மண்டையைப் போட்டு உடைத்து மூலைக்கு வந்தால் இரண்டு கட்டம் மிச்சம், ஒரு குண்டு மிச்சம், எது என்று சொல்ல ஓர் எண்ணும் உதவாது. பூவா தலையா போட வேண்டியதுதான். அந்த இடத்தில் ஆடுபுலி ஆட்டம் தாயமாக மாறிவிடுகிறது. இதில் தோற்றவரிடம் ‘எங்கே தப்பு’ என்று கேட்டால் பதில் கிடையாது, ஏனென்றால் அவர் தப்பே பண்ணவில்லை.

இதைச் சரிசெய்தவர் இங்கிலாந்துக்காரர் சைமன் டாத்தம். புட்டி என்ற பெயரில் சர்வருக்குள் நுழையும் நிரல் ஒன்று உண்டு, கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதை எழுதியவரும் இவரே. 2004 முதல் இவர் சின்னச் சின்னப் புதிர்களாகச் சேர்த்துவந்த தொகுப்பில் இன்றைக்கு நாற்பது போலப் புதிர்கள் இருக்கின்றன. முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் வேண்டாம். ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. இதில் உள்ள ‘மைன்ஸ்’ ஆட்டம், நீங்கள் முதல் கட்டத்தைத் தொட்ட பிறகு, ஊகமே இல்லாமல் யோசனையால் மட்டும் முடிக்கக்கூடிய களத்தைத்தான் தரும். களத்தை உருவாக்கியதும் மெஷினே அதைத் தீர்த்துப் பார்க்கும். தீராவிட்டால் குண்டுகளை மாற்றிவைத்து மறுபடி பார்க்கும். ஆடுபவரை இந்த அளவுக்கு மதித்து ஒரு கேம் எழுதுவது பெரிய காரியம். நான் இத்தனை வருஷம் ஆடியதில் மனசார நன்றி சொல்ல நினைக்கும் ஆட்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களில் இவர் ஒருவர்.

அதே தொகுப்பில் ‘டென்ட்ஸ்’ என்று ஒன்று. கட்டத்தில் மரங்கள் நிற்கும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒட்டினாற்போல் ஒரு கூடாரம் போட வேண்டும், ஒரு கூடாரம் இன்னொன்றை மூலையில்கூடத் தொடக் கூடாது, வரிசைக்கு இத்தனை என்று ஓரத்தில் எண் இருக்கும். எஸ்டேட்டில் சில்வர் ஓக் நட்ட வரிசையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். அப்பாவுக்கு இதையும் ஒருமுறை திறந்து காட்டுங்கள்.

இப்போது ஃப்ரீசெல். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன்.

சாலிட்டேரில் பாதிச் சீட்டு கவிழ்ந்து கிடக்கும். தோற்றால் அடியில் என்ன இருந்தது என்றே தெரியாது. ஃப்ரீசெல்லில் 52 சீட்டும் முகம் தெரிய எட்டு வரிசையில் விரித்துப் போடப்படும். முதல் நாலில் ஏழேழு, மற்ற நாலில் ஆறாறு. மேலே இடது பக்கம் நாலு காலி அறை, தற்காலிகமாக ஒரு சீட்டை வைத்துக்கொள்ள. வலது பக்கம் ஏஸிலிருந்து ராஜா வரை ஏற்றிக்கொண்டே போக நாலு இடம். கீழே வரிசைகளில் சிவப்பு மேல் கறுப்பு, கறுப்பு மேல் சிவப்பு என்று இறங்குமுகமாக அடுக்கலாம். அவ்வளவுதான் விதி. ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

பால் ஆல்ஃபில் என்பவர் 1978இல் பிளேட்டோ என்ற பழைய கம்ப்யூட்டர் அமைப்புக்காக இதை முதலில் எழுதினார். மைக்ரோசாஃப்டில் ஜிம் ஹார்ன் எழுதிய பதிப்பு விண்டோஸ் 95 கூடவே வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு விரிப்புக்கும் ஓர் எண், 1 முதல் 32,000 வரை. 1994இல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் ஆள் சேர்த்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் இந்த எண்களைப் பிரித்துக் கொடுத்து எல்லாவற்றையும் தீர்க்கச் சொன்னார். அடுத்த வருஷம் வேலை முடிந்தபோது ஒரே ஓர் எண்தான் மிஞ்சியது: 11,982. பிறகு நிரல்கள் எழுதிப் பார்த்தும் அது தீராது என்பதே உறுதியானது. 32,000இல் ஒன்று தவிர எல்லாம் தீரும் என்றால், தோல்வி அநேகமாக எப்போதும் நம் தோல்விதான். இது பலருக்குக் கசப்பாகத் தெரியும், எனக்கு இது மரியாதையாகத் தெரிகிறது.

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்று, கோத்தகிரியில் மகள் வீட்டோடு வந்து தங்கிய ஒருவர் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு என் சென்டருக்கு வருவார். குல்லா, மஃப்ளர், கையில் அரைக் குயர் நோட்டு. ஃப்ரீசெல் எண் 1இலிருந்து வரிசையாக ஆடுவார். முடித்த எண்ணுக்கு எதிரே ஒரு டிக், எத்தனையாவது முயற்சி என்பதும் எழுதியிருக்கும். அவர் ஆடும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விரிப்பு வந்ததும் மௌஸைத் தொடவே மாட்டார். பென்சில் முனையால் திரையில் நாலு ஏஸும் எங்கே புதைந்திருக்கின்றன என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், அப்புறம் நாலு இரண்டும். ‘ஹார்ட்டின் ஏஸ் அடியில் மாட்டியிருக்கு மாஸ்டர், அதுக்கு மேல ரெண்டு ராஜா உக்காந்திருக்கு’ என்பார். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் முதல் சீட்டு நகரும்.

அவரிடமிருந்து நான் கற்ற இரண்டை அப்பாவுக்குச் சொல்லுங்கள். நாலு அறையும் நிரம்பினால் ஆட்டம் முடிந்த மாதிரிதான், அதனால் காலி அறையைச் செலவாளி மாதிரி செலவழிக்கக் கூடாது. காலி அறை இரண்டு இருந்தால் ஒரே மூச்சில் மூன்று சீட்டு நகர்த்தலாம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றே ஒன்றுதான். அதைவிட முக்கியம், ஒரு வரிசையை முழுசாகக் காலி பண்ணுவது. காலி வரிசை ஒன்று கிடைத்தால் நகர்த்தக்கூடிய எண்ணிக்கை இரட்டிப்பாகும். அவர் அதை ‘களம் காலியானாத்தான் நெல் காயவைக்க முடியும்’ என்பார். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்.

11,982 பற்றி நான்தான் அவரிடம் சொன்னேன். வரிசையை விட்டு அதற்குத் தாவி, நாலு நாள் மத்தியானம் அதிலேயே உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் நோட்டில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பினார். கோபமே இல்லை. ‘ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு, அதுவும் ஒரு பதில்தானே’ என்றார்.

அந்த மாதிரி ஒரு மனிதரை இந்த மிட்டாய் கேம்கள் எப்படி நடத்துகின்றன என்று பாருங்கள். அப்பா ஆடுவது எது என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, இந்த வகை அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே மாதிரி மூன்றைச் சேர்த்தால் மறைவது என்ற யோசனை பழசுதான். 1994இல் ஷாரிக்கி என்ற ரஷ்ய கேமில் இருந்தது, 2001இல் பிஜுவெல்ட் அதைப் பிரபலமாக்கியது, 2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகா அதை எல்லார் மொபைலுக்கும் கொண்டுவந்தது. பிஜுவெல்டை நானே நிறைய ஆடியிருக்கிறேன். கண்ணுக்கு இதமான ஆட்டம், கெடுதல் இல்லை.

மாறியது பிற்பாடுதான். இத்தனை நகர்த்தலுக்குள் முடி என்று ஒரு வரம்பு. தோற்றால் ஓர் உயிர் போகும். ஐந்து உயிர் போனால் ஆட முடியாது. ஓர் உயிர் திரும்பி வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு. மேலேயிருந்து அடுத்து என்ன மிட்டாய் விழும் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. ஒரே ஒரு நகர்த்தல் குறைவாகத் தோற்கும்போது, ‘இன்னும் ஐந்து நகர்த்தல் வாங்கிக்கொள்கிறாயா’ என்று கேட்கும். கேட்கிற நேரத்தைப் பாருங்கள். தோற்றவர் ‘எங்கே தப்பு’ என்று யோசிக்கவேண்டிய அந்த நிமிஷத்தில், யோசனைக்குப் பதிலாகப் பர்ஸைத் திறக்கச் சொல்கிறது.

ஸ்னூக்கரை 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கினாலும், அதற்கான விதிகள் 1882இல் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான். சுவரில் மாட்டிய விதி, உள்ளே வருகிற எல்லாருக்கும் ஒன்றுதான், நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். நான் ஆடும் எந்த விளையாட்டிலும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். காசு கொடுத்தால் நீளும் விதியை நான் விதி என்று ஏற்கமாட்டேன். இந்த வகை கேம் ஒன்றில் எனக்கே ஒருமுறை கை தவறிக் காசு போயிருக்கிறது. தொகை சின்னதுதான், கோபம் அதில் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை உயிர் வந்துவிட்டதா என்று மொபைலை எடுத்துப் பார்க்கிற ஆளாக நான் மாறியிருந்தேன், அதுதான் சங்கடமாக இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொபைலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்பா போனில் காசு கட்டும் வசதிக்குப் பாஸ்வேர்ட் கேட்கும்படி முதலில் மாற்றிவையுங்கள். அதை அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், பின்னால் தெரிந்தால் மனசு கஷ்டப்படும்.

சோகோபன் பற்றி. ஜப்பானில் ஹிரோயுகி இமாபாயாஷி உருவாக்கி 1982இல் வெளிவந்த கேம். பெயருக்கு அர்த்தமே கிடங்குக்காரர் என்பதுதான். ஒரு கிடங்கு, சில பெட்டிகள், அவற்றைக் குறித்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் நகரும். மூலையில் தள்ளிவிட்டால் அந்தப் பெட்டி போனதுதான், அதை வெளியே எடுக்க வழியே கிடையாது. சுவரோரம் தள்ளினால் சுவரோரமாகவே ஓடும். டீ கோடவுனில் பெட்டி அடுக்கிய காலத்தை அப்பா பார்த்திருப்பார். எதை முதலில் உள்ளே விட்டால் எது வழியை மறிக்கும் என்ற கணக்கு அவருக்குப் புதிதாக இருக்காது. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தாலும், கணினி அறிவியல் கணக்கில் மிகக் கடினமான வகையில் சேர்த்திருக்கிறார்கள். மைன்ஸ்வீப்பரும் அப்படித்தான். ஒரு பலகையில் உள்ள எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று சோதிப்பதே கடினமான கணக்கு என்று ரிச்சர்ட் கே 2000இல் நிரூபித்தார். சோகோபனில் தப்பு நடந்தால் அதே இடத்தில் பெட்டி நின்றுகொண்டு உங்களையே பார்க்கும். என் அளவுகோலுக்கு இதைவிட நேர்மையான கேம் கிடையாது. நகர்த்தலைத் திரும்பப் பெறும் வசதியுள்ள பதிப்பாகப் பார்த்துப் போட்டுக்கொடுங்கள், வயதானவர்களுக்கு விரல் தவறும்.

சுடோகு அவர் பேப்பரில் ஏற்கெனவே பார்த்திருப்பார். அமெரிக்காவில் ஹோவர்ட் கார்ன்ஸ் 1979இல் வேறொரு பெயரில் வெளியிட்டது, ஜப்பான் போய் சுடோகு என்று பெயர் வாங்கியது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வெய்ன் கூல்ட், அதற்காக ஒரு நிரலை ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதி, 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸில் வரவைத்த பிறகுதான் உலகம் பூராவும் பரவியது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மனிதர் செய்த வேலை இது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். சுடோகுவைக் காகிதத்திலேயே போடச் சொல்லுவேன். மொபைலில் போட்டால் எந்த எண் வரலாம் என்று மெஷினே குட்டிக் குட்டியாக எழுதிக் கொடுத்துவிடுகிறது, அப்புறம் நமக்கு என்ன வேலை?

2048 பத்து நாள் நன்றாக இருக்கும். 2014இல் கேப்ரியேலே சிருல்லி என்ற பத்தொன்பது வயது இத்தாலியப் பையன் எழுதி இலவசமாக விட்டது. பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி அங்கிருந்து அசைக்காமல் வைத்துக்கொள்ளும் சூட்சுமம் தெரிந்துவிட்டால் அப்புறம் பெரிதாக ஒன்றும் இல்லை. டெட்ரிஸை நான் வணங்குகிறேன். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது, ஏழே ஏழு வடிவத்தில் ஓர் உலகம். ஆனால் அது விரல் வேகத்தின் ஆட்டம். 2023 டிசம்பரில் அதன் பழைய நின்டெண்டோ பதிப்பை, கேமே உறைந்து நிற்கும் இடம்வரை முதன்முதலில் ஆடியவர் 13 வயதுச் சிறுவர். குளிரில் விறைத்த அறுபது வயது விரலுக்கு அதைத் தர வேண்டாம்.

தமிழில் சொல் விளையாட்டு இருக்கிறதா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவை எனக்குத் திருப்தி இல்லை. 2021இல் ஜாஷ் வார்டில் வெளியிட்ட வேர்டில் கேமில், எழுத்து சரி, இடம் சரி என்றால் பச்சை, எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். 26 எழுத்து உள்ள மொழிக்கு அது போதும். நமக்கு 247. நான் ‘மலை’ என்று போடுகிறேன், விடை ‘மாலை’ என்றால், ‘ம’ கிடையவே கிடையாது என்று சாம்பல் நிறம் காட்டுவது எந்த ஊர் நியாயம்? மெய் சரி, உயிர் வேறு என்பதற்கு ஒரு தனி நிறம் வேண்டும். உயிரும் மெய்யும் கூடித்தான் நம் எழுத்து பிறக்கிறது, தமிழில் சொல் விளையாட்டுச் செய்கிறவர் அந்தக் கூட்டலையே புதிராக்க வேண்டும். அப்படி ஒழுங்காகச் செய்த ஒன்றைக் கண்டால் எனக்கும் சொல்லுங்கள், நானே தினமும் ஆடுவேன்.

மூளைக்கு நல்லதா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் பொய் சொல்லி விற்பவர்கள் அதிகம். 2010இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் 11,430 பேரை ஆறு வாரம் மூளைப் பயிற்சி கேம்கள் ஆடவைத்தார்கள். ஆடிய கேமில் எல்லாரும் தேறினார்கள், ஆடாத வேறு சோதனைகளில் அந்தத் தேர்ச்சி தெரியவில்லை. லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி கேம் நிறுவனம், ஞாபக மறதியைத் தடுக்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துக்கு 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. ஆகவே மருந்து என்று சொல்லி அப்பாவிடம் எதையும் கொடுக்காதீர்கள். அவருக்கு மறதி இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், கேமிடம் விடாதீர்கள். முப்பது வருஷம் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தே வாட்டம் போதுமா என்று சொன்ன மனிதருக்கு, இன்றைக்கு முடிவெடுக்க ஒன்றும் இல்லாமல் போயிருக்கிறது. ஃப்ரீசெல் அவருக்கு ஒரு நாளில் நூறு சின்ன முடிவுகளைக் கொடுக்கும், அதில் சரியும் தப்பும் அவருடையதாக இருக்கும். நான் எதிர்பார்க்கும் பலன் அவ்வளவுதான், அது சின்னதும் இல்லை.

கரண்ட் போகும் நாட்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பதினைந்து கட்டப் புதிர் வாங்கி வையுங்கள், திருவிழாக் கடையில் கிடைக்குமே, எண்களை நகர்த்தி வரிசைப்படுத்துவது. 2009 நவம்பரில் மலை முழுக்க மண் சரிந்தபோது எங்கள் தெருவில் நாலைந்து நாள் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக மல்லுக்கட்டினான், கடைசியில் 14உம் 15உம் மட்டும் இடம் மாறியே நின்றது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாங்கிப் பார்த்தேன். ‘இதைக் கழற்றி மாட்டினியா?’ என்றேன். தலையை ஆட்டினான். இந்தப் புதிரில் கட்டைகளைக் கழற்றி இஷ்டத்துக்கு மாட்டினால் வரக்கூடிய அடுக்குகளில் சரிபாதி தீரவே தீராது. தீரக்கூடியவை மட்டுமே பத்து லட்சம் கோடிக்கும் மேல், தீராதவையும் அதே அளவு. நகர்த்தி நகர்த்தி ஒரு பாதியிலிருந்து இன்னொரு பாதிக்குப் போக முடியாது. இரண்டு கட்டையைக் கழற்றி இடம் மாற்றிக் கொடுத்தேன், அடுத்த நிமிஷம் முடித்துவிட்டான். இரண்டு நாளாகத் தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை அது. அப்பா வாங்கியதும் கழற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஃப்ரீசெல் போடும்போது, மைக்ரோசாஃப்ட் எண் முறைப்படி விரிப்பு எண்ணைத் தேர்ந்தெடுக்க முடிகிற பதிப்பாகப் பார்த்துப் போடுங்கள், உங்கள் போனிலும் அதையே போட்டுக்கொள்ளுங்கள். ஒரே எண் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே 52 சீட்டு, ஒரே இடத்தில் விழும். காலையில் அவருக்கு ஓர் எண் அனுப்புங்கள். மத்தியானம் நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் ஆடிப் பாருங்கள். ராத்திரி போன் பண்ணும்போது ‘சாப்பிட்டீங்களாப்பா, மழை விட்டுச்சா’ என்பதோடு பேச்சு நின்றுபோகாது. ‘ஸ்பேடு ஏஸை எப்படிப்பா வெளியே எடுத்தீங்க’ என்று கேளுங்கள்.